விறைப்புக் குறைபாட்டிற்கான தன்னூசி மருத்துவத்தில் இடைநிற்றல்: காரணங்களும் கம்பம் பள்ளத்தாக்குச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

விறைப்புக் குறைபாட்டிற்கு மாத்திரைகள் பயன்தராத நிலையில் நோயாளி தாமே தம் ஆண்குறியில் செலுத்திக்கொள்ளும் ஊசி மருந்து பெரும்பாலோருக்குப் பயனளிக்கின்றது. ஆயினும் அதனைத் தொடங்குவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். இம்முரணுக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகின்றது. மருத்துவ உலகில் கண்டறியப்பட்ட காரணங்கள் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் தொலைவு, தொழில், வீட்டமைப்பு, பேச்சு வழக்கு ஆகியவற்றோடு பொருத்திக் காட்டப்படுகின்றன. மருந்தின் தோல்வியைவிட, மருந்தைச் சுற்றி அமைய வேண்டிய பயிற்சி, துணை, அவசரகால வழி, தொடர் கவனிப்பு ஆகியவற்றின் இன்மையே இடைநிற்றலுக்குப் பெரிதும் காரணமாகின்றது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: விறைப்புக் குறைபாடு, தன்னூசி, இடைநிற்றல், நீரிழிவு, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

ஒரு மருத்துவ முறை பயன்தரவில்லையெனில் நோயாளி அதனைக் கைவிடுவது இயல்பு. பயன்தரும் முறையையும் கைவிடுவாராயின் அதற்கான காரணத்தை மருந்துக்கு வெளியே தேட வேண்டும். விறைப்புக் குறைபாட்டிற்கான தன்னூசி மருத்துவம் அத்தகையதாகும். அல்ப்ரோஸ்டாடில் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்திக்கொள்வோரில் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பயன்பெறுகின்றனர் என ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் குறிப்பிடுகின்றன. அதே நெறிகள், இம்மருத்துவத்தில் 41 முதல் 68 விழுக்காடு வரை இடைநிற்றல் பதிவாகியுள்ளது என்றும், அதன் பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள்ளேயே நிகழ்கின்றது என்றும் கூறுகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே முல்லைப்பெரியாற்று நீரால் செழித்த நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்காகும். நெல்லும் வாழையும் பன்னீர்த் திராட்சையும் விளையும் இப்பகுதியிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோர் பலர். 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்திற்குக் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது. கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கி.மீ., தேனியிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவிலுள்ளன. வீட்டில் தனியே செய்துகொள்ள வேண்டிய ஒரு மருத்துவத்திற்கு இத்தொலைவுகள் பொருட்படுத்தத்தக்கவை.

நோயும் பெயரும்

உடலுறவுக்குப் போதுமான விறைப்பு ஏற்படாமையும், ஏற்பட்டது நிலைக்காமையும் தொடர்ந்து காணப்படின் அது விறைப்புக் குறைபாடு எனப்படும். இது குழந்தைப்பேறின்மையும் அன்று, காமவிருப்பின்மையும் அன்று. ஆயினும் வழக்கில் இம்மூன்றும் 'ஆண்மைக்குறைவு' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்படுகின்றன. அச்சொல் ஓர் உறுப்பின் இரத்த ஓட்டக் குறையை ஆளின் தகுதிக் குறையாக மாற்றிவிடுகின்றது. திருக்குறள் அயலான் மனைவியை விரும்பாத மன உறுதியையே 'பேராண்மை' எனக் குறிப்பிடுகின்றது. ஆண்மை என்பது உறுப்பின் செயலோடு மட்டும் பிணைக்கப்பட்ட சொல்லாகத் தமிழில் இருந்ததில்லை என்பதற்கு இது சான்றாகும். நோய்க்கு இடப்பட்ட பெயரே நோயாளியை மருத்துவரிடம் பேசவிடாமல் தடுப்பதால், இடைநிற்றலின் வேர் மருத்துவம் தொடங்கும் முன்பே ஊன்றிவிடுகின்றது எனலாம்.

இந்நோய்க்கு நீரிழிவு முதன்மையான காரணங்களுள் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என மதிப்பிட்டது. நீரிழிவு ஆண்குறியின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒருசேரத் தாக்குகின்றது. புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியனவும் அக்குழாய்களைக் கெடுக்கின்றன.

தன்னூசி மருத்துவத்தின் தோற்றமும் செயல்முறையும்

ஆண்குறியின் இருபுறமும் பஞ்சு போன்ற திசுவாலான இரு குழல்கள் உள்ளன. அத்திசுவின் தசைகள் தளரும்போது இரத்தம் நிறைந்து விறைப்பு உண்டாகின்றது. 1982இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரொனால்ட் விராக், பாப்பவெரின் மருந்தை இக்குழல்களில் செலுத்தினால் விறைப்பு ஏற்படுவதை வெளியிட்டார். 1983இல் பிரித்தானிய உடலியல் அறிஞர் கைல்ஸ் பிரிண்ட்லி, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய சிறுநீரகவியலாளர் மாநாட்டில் தமக்குத் தாமே ஊசி செலுத்தி அதன் விளைவை அவையினருக்குக் காட்டினார். 1985இல் பாப்பவெரினும் பென்டோலமைனும் கலந்த மருந்தை நோயாளிகள் வீட்டிலேயே செலுத்திக்கொள்ளும் முறை அறிவிக்கப்பட்டது. 1995இல் அல்ப்ரோஸ்டாடில் ஊசிக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இம்மூன்று மருந்துகளையும் அளவாகக் கலந்து தருவதும் வழக்கிலுள்ளது.

1998இல் சில்டெனாஃபில் மாத்திரை வந்தபின் ஊசி இரண்டாம் நிலைக்குச் சென்றது. எனினும் அதன் தேவை நீங்கவில்லை. மாத்திரை வேலை செய்வதற்கு நரம்பிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் தூண்டுபொருள் சுரக்க வேண்டும். நீண்டகால நீரிழிவு, முதுகுத்தண்டுக் காயம், புராஸ்டேட் சுரப்பி நீக்க அறுவை ஆகியவற்றால் நரம்பு பழுதுற்றோருக்கு அச்சுரப்பு குறைந்துவிடுகின்றது. ஊசி மருந்தோ நரம்பின் துணையின்றித் தசையை நேரடியாகத் தளர்த்துகின்றது. மேலும், நெஞ்சுவலிக்காக நைட்ரேட் வகை மருந்து உட்கொள்வோர் சில்டெனாஃபில் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். ஆதலின் மாத்திரை விலக்கப்பட்ட அத்தகையோருள் உடலுறவுக்கு இதயம் தாங்கும் என மருத்துவர் உறுதிசெய்தோருக்கும் ஊசி ஒரு வழியாகின்றது.

மெல்லிய ஊசியால் ஆண்குறியின் பக்கவாட்டில், அடிப்பகுதியை ஒட்டி மருந்து செலுத்தப்படுகின்றது. மேற்புறத்து நரம்புகளையும் கீழ்ப்புறத்துச் சிறுநீர்க் குழாயையும் தவிர்க்க வேண்டும். ஒருமுறை வலப்புறம் எனில் மறுமுறை இடப்புறம் செலுத்தி, ஊசியிட்ட இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 5 முதல் 20 நிமிடங்களுக்குள் விறைப்பு ஏற்படும். அது ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளாத வகையில் மருத்துவர் தம் முன்னிலையில் அளவை நிர்ணயிப்பார். அல்ப்ரோஸ்டாடில் மருந்தை ஒரு நாளில் ஒரு முறைக்கு மேலும், ஒரு வாரத்தில் மூன்று முறைக்கு மேலும் பயன்படுத்தலாகாது.

இடைநிற்றலுக்குக் கூறப்படும் காரணங்கள்

மேற்கூறிய வழிகாட்டு நெறிகள், நிறுத்தியோர் கூறிய காரணங்களைப் பின்வருமாறு எடுத்துக்காட்டுகின்றன: நிலையான தீர்வை நாடியமை 29 விழுக்காடு, தக்க துணை இல்லாமை 26, பயன் குறைவு 23, ஊசி அச்சம் 23, பக்கவிளைவு அச்சம் 22, இயல்பான உடனிகழ்வு இல்லாமை 21. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் கூறியதால் இவற்றின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகின்றது. மருந்து பயன்தரவில்லை என்றோர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே என்பது இங்குக் கருதத்தக்கது. ஏனைய காரணங்கள் நோயாளியின் மனத்தையும் வீட்டையும் சார்ந்தவை. அவை ஒவ்வொன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் எவ்வாறு வடிவம் கொள்ளும் என்பது இனி விளக்கப்படுகின்றது.

பயன் குறைவு

பயன் குறைவினால் நிறுத்துவோர் பெரும்பாலும் தொடக்கத்திலேயே விலகுவோராவர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இரத்தக் குழாய்கள் மிகவும் சிதைந்திருக்கலாம். மற்றவர்களுக்கு அளவோ செலுத்தும் முறையோ பிழைபட்டிருக்கலாம். ஊசிமுனை குழலைச் சென்றடையாமல் தோலுக்கடியிலேயே மருந்து தங்கிவிடினும், அச்சத்தால் அளவைக் குறைத்துக்கொள்ளினும் விறைப்பு ஏற்படாது. மருத்துவமனையில் கிடைத்த விறைப்பு வீட்டில் கிடைக்காதபோது நோயாளி மருந்தையே ஐயுறுகின்றார். இப்பிழை மற்றுமொரு பயிற்சியால் திருத்தத்தக்கது. ஆனால் கூடலூரிலிருந்தோ கம்பத்திலிருந்தோ மீண்டும் தேனிக்கோ மதுரைக்கோ செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். எதற்காகச் செல்கின்றார் என்பதை வீட்டாரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் சொல்ல இயலாத பயணம் அது. ஆதலின் திருத்தத்தக்க பிழை நிலையான தோல்வியாகிவிடுகின்றது.

மருந்தின் சேமிப்பும் பயனைத் தீர்மானிக்கின்றது. கரைசலாக்கப்பட்ட அல்ப்ரோஸ்டாடில் வெப்பத்தில் வீரியம் இழக்கும். மும்மருந்துக் கலவை குளிரில் வைத்துக் காக்கப்பட வேண்டியது. எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைப்பதுமன்று. மதுரையில் பெற்ற மருந்தைப் பனிக்கட்டிப் பையின்றிக் கோடைவெயிலில் பேருந்தில் கொண்டுவரும் நோயாளி, வீரியம் குறைந்த மருந்தைச் செலுத்திக்கொண்டு தம் உடலையே குறைகூறுவார்.

ஊசி அச்சமும் வலியும்

நீரிழிவு நோயாளிகள் பலர் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கின்றனர். அவர்களுக்கு ஊசி புதியதன்று. எனினும் இவ்விரு ஊசிகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு உள்ளது. இன்சுலின் குப்பி குளிர்பதனப் பெட்டியின் கதவில் எல்லோரும் காண இருக்கும்; மகளோ மருமகளோ அதனை எடுத்துத் தருவதுமுண்டு. இம்மருந்துக் குப்பியோ அதே பெட்டியில் ஒளித்து வைக்கப்பட வேண்டியதாகின்றது. கூட்டுக்குடும்பத்திலும், ஓரறை வீட்டிலும், தோட்டத் தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகளிலும் ஒளிப்பதற்கு இடமில்லை. பயன்படுத்திய ஊசியை எறிவதும் இடர்ப்பாடாகின்றது. ஊசி அச்சம் எனப் பதிவு செய்யப்படுவதில் ஒரு பகுதி, ஊசி பிறர் கண்ணில் படும் அச்சமாகும்.

அல்ப்ரோஸ்டாடில் பயன்படுத்துவோரில் பாதிப்பேர் எப்போதேனும் வலியை உணர்கின்றனர். ஆனால் மொத்த ஊசிகளில் ஏறத்தாழ 11 விழுக்காட்டிலேயே வலி பதிவாகியுள்ளது. வலி ஒவ்வொரு முறையும் வருவதன்று என்பதும், அளவையோ கலவையோ மாற்றினால் குறையும் என்பதும் முன்னரே சொல்லப்பட்டிருந்தால் முதல் வலியோடு நிறுத்துவோர் குறைவர்.

நான்கு மணி நேர அச்சம்

தன்னூசியின் கடுமையான பக்கவிளைவு, தணியாத நீடித்த விறைப்பாகும். அல்ப்ரோஸ்டாடில் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு இது நேர்கின்றது. பாப்பவெரின் கலந்த மருந்தில் இதன் வாய்ப்பு கூடுதலாகும். விறைப்பு நான்கு மணி நேரத்தைக் கடந்தால் உள்ளே தேங்கிய இரத்தத்தில் உயிர்வளி குறைந்து திசு சிதையத் தொடங்கும். உடனே மருத்துவமனையில் அவ்விரத்தத்தை வெளியேற்றியும், பினைல்எப்ரின் போன்ற மருந்தைச் செலுத்தியும் தணிக்க வேண்டும். தாமதித்தால் எஞ்சியிருந்த இயல்பான விறைப்பும் நிலையாக இழக்கப்படலாம்.

ஊசி பெரும்பாலும் இரவில் போடப்படுவது. இரவு பத்து மணிக்குப் போட்ட ஊசியின் விளைவு இரண்டு மணிக்கும் தணியவில்லையெனில், கம்பம் மெட்டுக்கு மேலுள்ள தோட்டத்தில் தங்கியிருப்பவர் மலைப்பாதையில் இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து க.விலக்கு வரை வர வேண்டும். அழைத்துவர ஒருவரை எழுப்ப வேண்டும். எழுப்பியவரிடம் காரணம் கூற வேண்டும். நூறில் ஒருவருக்கு நேரும் இடர், இத்தகைய இடத்தில் நூறு பேரையும் அஞ்சவைக்கின்றது. இவ்வச்சத்தைப் பேதைமை எனத் தள்ளிவிட இயலாது. தொலைவை எண்ணிப் பார்த்தவரின் கணக்கு அது.

துணையின் இடம்

மருத்துவத்தின் பயனில் பங்குடையவர் மனைவி. ஆனால் மருத்துவரின் அறைக்குள் கணவர் மட்டுமே செல்கின்றார். சில ஆண்டுகள் நின்றுபோன உறவை ஒருநாள் ஊசியோடு மீண்டும் தொடங்க முற்படும்போது மனைவியின் உடலும் மனமும் அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் உலர்வு, அவருக்கும் உள்ள நீரிழிவு, நாள் முழுதும் திராட்சைத் தோட்டத்திலோ ஏலக்காட்டிலோ உழைத்த அயர்வு ஆகியன கேட்கப்படுவதேயில்லை. ஊசியால் வந்த விறைப்பைத் தம்மீதுள்ள விருப்பத்தால் வந்ததன்று எனக் கருதும் மனைவியரும் உண்டு. விறைப்பு பயன்படாமல் கழியும் இரவுகள் சில சேர்ந்தால் குப்பி பெட்டியிலேயே காலாவதியாகின்றது. தக்க துணை இல்லாமை எனப்படுவதில் துணையை இழந்தோர் மட்டுமல்லர், துணையோடு பேசாதோரும் அடங்குவர். வேலையின்பொருட்டு வாரக்கணக்கில் பிரிந்திருக்கும் இணையருக்குப் பழக்கம் அமைவதே கடினமாகும்.

நிலையான தீர்வுக்கான விருப்பம்

ஊசி நோயைக் குணப்படுத்துவதன்று. ஒவ்வொரு முறையும் விறைப்பை வரவழைப்பது மட்டுமே. இது தெளிவாகச் சொல்லப்படாவிடில், பத்து ஊசிகளுக்குப் பின்னும் 'தானாக வரவில்லை' என நோயாளி ஏமாற்றமடைகின்றார். ஒரு கோர்ஸ் மருந்து சாப்பிட்டால் நோய் போய்விடும் என்னும் பொது நம்பிக்கை இங்குத் தடையாகின்றது. நீரிழிவு மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்வதை ஏற்றுக்கொண்டவர்கூட இதனை ஏற்பதில்லை. நிலையான தீர்வை விரும்புவோருக்கு ஆண்குறியில் உள்வைப்புப் பொருத்தும் அறுவை உண்டு. மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த விலைகுறைந்த இந்திய உள்வைப்பும் பயன்பாட்டிலுள்ளது. ஊசியை நிறுத்துபவரிடம் இவ்வழி எடுத்துரைக்கப்படின் அவர் மருத்துவத்தின் எல்லைக்குள்ளேயே இருப்பார்.

எல்லா நிறுத்தமும் தோல்வியாகாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இயல்பான விறைப்பு மீண்டவரும், மாத்திரைக்கு மாற இயன்றவரும், இணையராகக் கலந்து பேசி உடலுறவின்றி அன்போடு வாழ முடிவெடுத்தவரும் ஊசியை நிறுத்துகின்றனர். காரணம் அறியப்படாமல் நிகழும் நிறுத்தமே கவலைக்குரியது.

நிறுத்தியபின் நேர்வது

நிறுத்தியவர் அதனை மருத்துவரிடம் தெரிவிப்பதில்லை, வராமல் இருந்துவிடுகின்றார். அவர் அடுத்து நாடக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, மருந்துக்கடையில் சீட்டின்றி மாத்திரை கேட்பது. நைட்ரேட் உட்கொள்ளும் இதய நோயாளி இவ்வாறு செய்தால் அது உயிருக்கே இடராகலாம். மற்றொன்று, விடுதி அறைகளில் குறிப்பிட்ட நாள்களில் வந்து தங்கி மருத்துவம் பார்ப்பதாக விளம்பரம் செய்வோரை நாடுவது. இக்குறைபாட்டைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் சுவரொட்டிகள் நின்றபாடில்லை. மருத்துவமனை ஊசியைப் பற்றி வெளிப்படையாகப் பேசாத இடத்தில் சுவரொட்டி மட்டுமே வெளிப்படையாகப் பேசுகின்றது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. இதயத் தமனிகளைவிட ஆண்குறியின் தமனிகள் சிறியவை. ஆதலின் அடைப்பின் விளைவு அங்கு முன்னரே தெரிகின்றது. மாரடைப்புக்கு உரிய அறிகுறிகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் குறைபாடு தோன்றக்கூடும். ஊசி மருத்துவத்திற்கு வந்த ஆண், இதயத்தைப் பரிசோதிக்க வேண்டிய காலத்தில் வந்தவராவார். அவர் வெட்கத்தோடு விலகும்போது அவ்வாய்ப்பும் அவரோடு விலகுகின்றது.

இடைநிற்றலைக் குறைக்கும் வழிகள்

முதலாவதாக, பயிற்சி ஒருமுறையோடு முடியலாகாது. மருத்துவர் முன்னிலையில் நோயாளி தாமே இருமுறையேனும் சரியாகச் செலுத்திக் காட்டிய பின்னரே வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். இரண்டாவதாக, இடைநிற்றல் மிகுதியாக நிகழும் முதல் மூன்று மாதங்களில் மாதந்தோறும் தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். அழைக்கத் தக்க நேரத்தை நோயாளியே குறித்துத் தர வேண்டும். மூன்றாவதாக, நான்கு மணி நேர விதி தமிழில் அச்சிட்ட ஒரு சிறு அட்டையாகத் தரப்பட வேண்டும். அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் முதலுதவி கிடைக்கும், 108 ஊர்தியில் என்ன சொல்ல வேண்டும் என்பவை அதில் இடம்பெற வேண்டும். அவ்வட்டையைக் கண்டால் பணியிலுள்ள மருத்துவர் கேள்வி கேட்டு நேரம் கடத்தமாட்டார். நான்காவதாக, நோயாளி விரும்பினால் மனைவியையும் உடன் அமர்த்திப் பேச வேண்டும்.

ஐந்தாவது வழி நீரிழிவு மருத்துவத்தோடு இதனை இணைப்பதாகும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. அவற்றைக் கொண்டுவரும் தன்னார்வலர்கள் பெண்கள். அவர்களிடம் ஆண் நோயாளி இதனைப் பேசமாட்டார், பேச வேண்டுவதும் இல்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதத்தையும் கண்ணையும் பரிசோதிக்கும்போது மருத்துவர் இதனையும் ஒரு கேள்வியாகக் கேட்கலாம். பாதம் மரத்துப்போனதைக் கேட்பது போன்றே இதனையும் கேட்டால், நோயாளியும் அதைப் போன்றே விடை சொல்லப் பழகுவார்.

முடிவுரை

தன்னூசி மருத்துவத்தில் இடைநிற்றல் மருந்தின் தோல்வியை மட்டும் காட்டுவதன்று. செலுத்தும் பிழை திருத்தப்படாமை, குப்பியை மறைக்க இடமின்மை, இரவில் மருத்துவமனைக்கு வழி தெரியாமை, மனைவியோடு பேசாமை, குணமாகும் என்னும் தவறான எதிர்பார்ப்பு ஆகியன ஒன்றுசேர்ந்து நோயாளியை விலகச் செய்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் தொலைவும் தொழிலும் இவ்வொவ்வொன்றையும் வலுப்படுத்துகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை புதிய மருந்தின்றியே, ஓர் அட்டையாலும், ஒரு தொலைபேசி அழைப்பாலும், வெட்கமின்றிக் கேட்கப்படும் ஒரு கேள்வியாலும் குறையக்கூடியவை. ஊசியை நிறுத்த நோயாளிக்கு முழு உரிமை உண்டு. நிறுத்திய பின்னும் அவர் மருத்துவரைவிட்டு விலகாதிருக்கும் நிலையை உருவாக்குவது மருத்துவ அமைப்பின் கடமையாகும்.